மேலே நெருப்பு, கீழே நெருப்பு, நடுவில் பீச் பழம்

கயிற்று மணி அடித்ததும் பாதி பின்னிய சடையோடு வராந்தாவுக்கு ஓடினேன்.

எங்கள் வீடு ஐந்தாம் மாடியில். லிஃப்ட் கிடையாது. ரங்கூனில் இந்த மாதிரி வீடுகளில் எல்லாம் வராந்தாவிலிருந்து தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும். கீழே நிற்பவர் இழுத்தால் மேலே மணி அடிக்கும். பேப்பர், மருந்து, மீன், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அந்தக் கயிற்றில்தான் ஏறி வரும். மனிதர்கள் மட்டும் படி ஏற வேண்டும்.

அன்று கூடையில் ஏறி வந்தது இரண்டு வீசை பீச் பழம்.

ஷான் மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கிய பழம். தண்ணீர்த் திருவிழா முடிந்து மழை இறங்குவதற்கு முன்னால் கொஞ்ச நாள்தான் வரும். கன்னத்தில் சிவப்பு, உடம்பெல்லாம் பூனைமயிர். பெரிய கடைகளில் வரும் சீமை பீச் மாதிரி இனிக்காது. சின்னதாக, கெட்டியாக, புளிப்பாக இருக்கும். ஆனால் வாசனை! கூடை மூன்றாம் மாடியைத் தாண்டும்போதே எனக்கு வந்துவிட்டது.

"டோ பார்வதி! இதான் கடைசிக் கூடை. இனிமே அடுத்த வருஷம்தான்!" என்று கீழேயிருந்து பழக்காரி பர்மியத்தில் கத்தினாள். வயதில் பெரிய பெண்களை இங்கே மரியாதைக்கு 'டோ' போட்டுத்தான் கூப்பிடுவார்கள்.

"கடைசிக் கூடையை எனக்குக் குடுத்தியே, நீ மகராசியா இருப்பே!" என்று நானும் கத்தினேன். தெரு முழுக்கக் கேட்டிருக்கும். என் குரல் அப்படி. இத்தனை வாரமாகப் படிப்பவர்களுக்கு அதைப் புதிதாகச் சொல்ல வேண்டாம்.

அன்றைக்கு மத்தியானம் மூன்று மணிக்கு டோ மியா எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. என் மகன் சரவணனின் கல்யாணம் அந்த அம்மாளின் கையில் இருந்தது.

ஃபெரியில் ஏறிய வினை

சரவணன் லைங் தாயாவில் ஒரு தையல் ஃபாக்டரியில் மெஷின் ரிப்பேர் பார்க்கிறான். கம்பெனி பஸ்ஸுக்கு இங்கே 'ஃபெரி' என்று பெயர். அந்த ஃபெரியில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று நிறுத்தம் தள்ளி ஒரு பெண் ஏறுவாள். பெயர் நாங் கம். ஷான் பெண். அதே ஃபாக்டரியில் மாதிரிச் சட்டை தைக்கும் பிரிவு. மூன்று வருடமாக இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து சீட்டு. பஸ்ஸில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. டிரைவருக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. பெற்றவளுக்குத் தெரியவில்லை.

ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு முதலில் பிடிக்கவில்லை. நம் பெண்ணாக ஒருத்தி வருவாள் என்று பதக்கம் வைத்த சங்கிலி ஒன்றை எடுத்து வைத்திருந்தேன். இரண்டு மாதம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். பிறகு ஒரு நாள் அந்தப் பெண் வீட்டுக்கு வந்தாள். எங்கள் வீட்டுக்காரர் தன்னுடைய ஒரே ஒரு ஜோக்கைச் சொன்னார். முப்பத்தாறு வருடத்தில் அந்த ஜோக்குக்கு ஒரு மனிதர் சிரித்து நான் பார்த்ததில்லை. இவள் வாய்விட்டுச் சிரித்தாள். இவளை விட்டால் அந்த மனிதருக்கு வேறு ஆள் கிடைக்காது என்று அன்றைக்கே என் மனசு மாறிவிட்டது.

நான் மாறினால் போதுமா? நாங் கமின் அம்மா டோ மியா இரண்டு தடவை முடியாது என்று சொல்லிவிட்டார். காரணமும் சொல்லவில்லை. மகள் அழுது அழுது கண் வீங்கிய பிறகு, "சரி, முதல்ல அந்த வீட்டைப் பாக்கறேன்" என்று ஒரு படி இறங்கி வந்திருந்தார்.

"அம்மா, இதுதாம்மா கடைசி. இதுவும் போச்சுன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்" என்றான் சரவணன். அவனுக்கு வயது முப்பத்து நான்கு. சொன்னால் செய்கிறவன். அவன் அப்பா மாதிரி சத்தம் போடாத பிடிவாதம்.

டோ மியாவுக்கு என்ன பிடிக்கும் என்று நாங் கமிடம் கேட்டேன். அவள் அம்மா இளவயதில் ஷான் மலைமேல் கலோ என்கிற ஊரில் ஒரு விடுதிச் சமையலறையில் வேலை பார்த்தவராம். பீச் பழக் காலத்தில் அங்கே காப்லர் செய்வார்களாம். அடியில் பழம், மேலே வெண்ணெய் பிசைந்த மாவு, அப்படியே சுட்டெடுப்பது. ரங்கூனுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் அதைப் பற்றிப் பேசுவாராம்.

"அவ்வளவுதானே? நான் செய்யறேன்" என்றேன்.

அதுவரைக்கும் காப்லரை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

பல்வலி பண்ணின பாவம்

ஏன் சாப்பாட்டில் போய் இவ்வளவு முனைந்தாய் என்று கேட்பீர்கள். அதற்கு என் கதையைச் சொல்ல வேண்டும்.

நம் ஆட்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேசப் போன வீட்டில், சம்மதம் இல்லையென்றால் கை நனைக்க மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டால் பேச்சு முடிந்தது, தாம்பூலம் மாற்ற வேண்டியதுதான்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது நாங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அம்மா கேசரி கிளறி, வடை தட்டி, தட்டு தட்டாகக் கொண்டுபோய் வைத்தாள். மாப்பிள்ளையின் அப்பா தட்டைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

நாலு நாள் எங்கள் வீட்டில் அடுப்பு சரியாக எரியவில்லை. அம்மா கண்ணைத் துடைத்துத் துடைத்து முந்தானை நனைந்தது. அப்பா என் மூக்கைப் பார்ப்பார், பிறகு கூரையைப் பார்ப்பார். மூக்குதான் காரணம் என்று அவருக்கு ஒரு சந்தேகம்.

ஐந்தாம் நாள் ஆள் வந்து சொன்னான். பெரியவருக்கு முந்தின நாள்தான் பல் பிடுங்கியிருக்கிறார்கள். வாயைத் திறக்க முடியாமல் வந்திருக்கிறார். "பொண்ணு பிடிச்சிருக்கு. அந்த வடையை மட்டும் இன்னொரு தடவை சுடச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அந்த நாலு நாள் பயம் வயிற்றில் அப்படியே தங்கிவிட்டது. டோ மியாவுக்கு நம் வழக்கம் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியுமே! அந்த அம்மாள் சாப்பிட்டால் கல்யாணம், சாப்பிடாவிட்டால் என் பிள்ளை தனிக்கட்டை. என் மூளைக்குள் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

ஓவன் எதற்கு, அடுப்பு இருக்க?

சரவணன் ஒரு நண்பனிடமிருந்து மின்சார ஓவன் இரவல் வாங்கி வருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். கரண்டு இங்கே முறை வைத்து வரும். முறை தப்பியும் போகும். வந்த நிமிடமே ஐந்து மாடிக்காரர்களும் தண்ணீர் மோட்டாரைப் போடுவோம். அந்தக் கூத்தைத்தான் போன வாரம் எழுதினேன். இரண்டாம் மாடி இன்னும் என்னோடு பேசவில்லை.

எனக்குக் கரி அடுப்பு போதும். நான் சன்வின் மக்கின் செய்து விற்கிறவள். ரவையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் செய்கிற பர்மா கேக் அது. கீழே கரி, மேலே தகர மூடி, மூடியின் மேலும் கரி. இரண்டு பக்க நெருப்பில் மேல்பாகம் பொன்னாக முறுகும். ரவை வேகிறபோது பீச் பழம் வேகாதா?

அந்த வேலையில் காலையெல்லாம் நான் மாட்டிக்கொள்வதால், சோறு வடிப்பதும் காய் நறுக்குவதும் எங்கள் வீட்டுக்காரர்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனிதர். ஓய்வு பெற்ற பிறகு மின்விசிறி ரிப்பேரும் அடுப்படியும்தான் அவருக்கு உலகம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வினை இங்கேதான் ஆரம்பித்தது.

நல்லது செய்யப் போய்

பழத்தைக் கழுவி, தோல் சீவி, பிறை பிறையாக நறுக்கி, சர்க்கரை தூவி, பெரிய பாத்திரத்தில் தட்டுப் போட்டு மூடினேன். சாறு விடட்டும் என்று வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது எங்கள் வீட்டுக்காரர் அடுப்படியில் நின்றுகொண்டு, கைலியை மடித்துக் கட்டி, பாத்திரத்தைக் குலுக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"பார்வதி, அவசரத்துல மறந்துட்ட போல. நான் போட்டுட்டேன்" என்றார்.

"என்னத்தைப் போட்டீங்க?"

"உப்பு, மிளகாத்தூள். வேற என்ன போடுவாங்க?"

ரங்கூனில் பிறந்தவர்களுக்கு அவர் சொன்னதில் தப்பே தெரியாது. புளிப்பான பழம் நறுக்கியிருந்தால் இந்த ஊரில் யாராக இருந்தாலும் உப்பும் மிளகாயும் போட்டுப் பிசறத்தான் செய்வார்கள். மாங்காய் என்றால் அப்படி, நெல்லிக்காய் என்றால் அப்படி, பீச் என்றாலும் அப்படித்தான். பள்ளிக்கூட வாசலில் வாங்கித் தின்ற காலத்திலிருந்து கை தானாகச் செய்கிற வேலை அது. இறால் பொடியும் போட்டிருப்பார். நல்ல வேளை, முந்தின நாள்தான் அது தீர்ந்திருந்தது.

ஆனால் அந்த நிமிடத்தில் எனக்கு நியாயமா தோன்றும்? ஈரத் தலையோடு கத்த ஆரம்பித்தேன்.

"ஐயோ! ஐயோ! என் மானத்தைக் கப்பல் ஏத்திட்டீங்களே! உங்களை யாருங்க அடுப்படிக்கு வரச் சொன்னா?"

"தெனமும் நான்தானே வர்றேன்" என்றார் மெதுவாக.

"இன்னைக்குமா வரணும்? கடைசிக் கூடைங்க! இனிமே அடுத்த வருஷம்தான் பழம்! அதுவரைக்கும் அந்த அம்மாவை வாசல்ல நிக்க வெப்பீங்களா? உப்பு மிளகா போடாத பழம்னு ஒண்ணு உலகத்துல இருக்குன்னு தெரியாதா?"

"ரங்கூன்ல நான் பாத்ததில்லையே, பார்வதி."

கையில் இருந்த கரண்டியை வீசினேன். அவரைப் பார்த்து இல்லை, சுவரைப் பார்த்து. அது சுவரில் பட்டு, அலமாரியில் பட்டு, டங் டங் என்று சத்தம் போட்டுக்கொண்டு போய்த் தண்ணீர் வாளிக்குள் தொபீர் என்று விழுந்தது.

அவர் வாளியை எட்டிப் பார்த்தார். "நீ கிரேன் ஓட்டியிருக்கலாம். ஒரே தூக்குல சரக்கை எறக்கிட்டியே" என்றார்.

கோபத்தை இழுத்துப் பிடிக்கத்தான் பார்த்தேன். முடியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரிக்க, நானும் சிரிக்க, கண்ணில் தண்ணீர் வந்து அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு இரண்டு பேரும் சேர்ந்து பழத்தை மூன்று தண்ணீரில் கழுவினோம். உப்பு போயிற்று, நான் போட்ட சர்க்கரையும் போயிற்று. மிளகாய் மட்டும் பழத்தின் சதையில் சிவப்புப் புள்ளியாக ஒட்டிக்கொண்டிருந்தது. மறுபடி சர்க்கரை போட்டேன். மாவு, வெண்ணெய், பால், கொஞ்சம் சோடா மாவு சேர்த்துத் தளரப் பிசைந்து, பழத்தின் மேல் உருட்டி உருட்டி வைத்தேன். வராந்தாவில் அடுப்பு மூட்டி, மூடி மேல் கரியை அடுக்கினேன். அவர் குத்துக்காலிட்டு விசிறிக்கொண்டே இருந்தார்.

அரைமணி கழித்து ஓரமாக மூடியைத் தூக்கிப் பார்த்தேன். மாவு உப்பி, பொன் நிறத்தில் வெடித்திருந்தது. வெடிப்பு வழியாகச் சாறு கொதித்து வெளியே வழிந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். சந்தோஷத்தின் அடியில் ஒரு பயம்.

மூச்சு வாங்காத விருந்தாளி

மணி இரண்டுதான் ஆகியிருந்தது. கதவு தட்டும் சத்தம்.

திறந்தால் டோ மியா. தனியாக. ஒல்லியான உடம்பு, கொண்டையில் ஒரு பூ, கையில் குடை. மூன்று மணிக்கு மகளோடும் சரவணனோடும் வர வேண்டியவர் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து நிற்கிறார். நான் தலை வாரவில்லை. எங்கள் வீட்டுக்காரர் மூக்கில் கரி.

ஒன்று மட்டும் எனக்கு விசித்திரமாக இருந்தது. எங்கள் வீட்டுக்கு வருகிற யாரும் முதல் ஐந்து நிமிடம் பேச மாட்டார்கள், மூச்சுதான் வாங்குவார்கள். ஐந்து மாடி ஏறி வந்த இந்த அம்மாளுக்கு மூச்சே வாங்கவில்லை.

உட்காரச் சொன்னேன். சாமி படத்தைப் பார்த்தார், விசிறிகள் குவிந்த மூலையைப் பார்த்தார், எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காப்லரைத் தட்டில் எடுத்து வைத்தேன்.

"சாப்பிடுங்க."

"பரவாயில்லை, வேண்டாம்" என்றார் பர்மியத்தில்.

பர்மாக்காரர்கள் முதல் தடவை கேட்டதும் எடுக்க மாட்டார்கள். அது மரியாதை. இரண்டு மூன்று தடவை உபசரிக்க வேண்டும். இந்த ஊரில் பிறந்து இங்கேயே தலை நரைத்த எனக்கு இது தெரியாதா? ஆனால் சம்பந்தம் என்று வந்துவிட்டால் மூளை ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு ஓடிவிடுகிறது. தள்ளி வைத்த வடைத்தட்டுதான் கண் முன்னால் நின்றது.

இன்னொரு தடவை சொன்னேன். "வேண்டாம், பரவாயில்லை." மூன்றாம் தடவை சொல்ல நாக்கு எழவில்லை.

எங்கள் வீட்டுக்காரர்தான் ஒரு தட்டை எடுத்தார். ஒரு வாய் போட்டார். மென்றார். இருமினார். கண் சிவந்தது. "கொஞ்சம் காரமாத்தான் இருக்கு" என்றார் டோ மியாவிடம். "மிளகா போட்டது நான். அவ மேல தப்பு இல்லை. பயப்படாம சாப்பிடுங்க."

பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று இருந்தது.

டோ மியா தட்டை எடுத்தார். ஒரு கரண்டி சாப்பிட்டார். நிதானமாக இன்னொரு கரண்டி. அவருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. தட்டைக் காலி செய்தார்.

"இது காப்லர் இல்லை" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆனா இன்னும் கொஞ்சம் வைங்க."

நான் வைத்தேன்.

"நான் ஒரு மணிக்கே வந்துட்டேன்" என்றார் அவர். "நாலாம் மாடிப் படியில உக்காந்திருந்தேன். நாங் கமோட அப்பா சத்தம் போடறவரு. வெளியில எல்லாரும் தங்கமான மனுஷன்னுதான் சொல்லுவாங்க. கதவைச் சாத்தினா தெரியும். அவ நாலு வயசா இருக்கறப்ப தூக்கிக்கிட்டு பஸ் ஏறினவ நான். விருந்தாளி வர்ற நேரத்துல எல்லா வீடும் நல்லாத்தான் இருக்கும். அதனாலதான் சொன்ன நேரத்துக்கு முன்னால வந்து உக்காந்தேன்."

எனக்குச் சுரீர் என்றது. என் கத்தல் முழுக்கக் கேட்டிருக்கிறார்!

"நான் கத்தினது..."

"எனக்குத் தமிழ் தெரியாது. ஆனா யாரு சத்தம் போடறாங்கன்னு தெரிஞ்சுக்கத் தமிழ் எதுக்கு? ஆம்பளை சத்தம் வரும் வரும்னு காத்திருந்தேன். வரவே இல்லை. அப்புறம் என்னவோ பறந்து விழுந்துச்சு. எங்க வீட்டுல சாமான் பறந்தா அடுத்தது எம்மேலதான் விழும். எந்திரிச்சு வீட்டுக்கே போயிடலாம்னு குடையை எடுத்துட்டேன்." கரண்டியால் தட்டைச் சுரண்டினார். "அப்ப ரெண்டு பேரும் சிரிச்சீங்க."

எங்கள் வீட்டுக்காரர் அந்த அம்மாளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"எம் பொண்ணுக்குச் சமைக்கத் தெரியாது" என்றார் டோ மியா.

"அதுக்கென்ன? நான் இருக்கேன்ல" என்றார் இவர்.

"மிளகா போடாம சமைப்பீங்களா?" என்று கேட்டார் அந்த அம்மாள். முதல் தடவையாகச் சிரித்தார். நாங் கமின் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரிந்தது.

மூன்று மணிக்கு சரவணனும் நாங் கமும் மூச்சு வாங்க ஏறி வந்தார்கள். பயந்துபோன முகத்தோடு உள்ளே எட்டிப் பார்த்தவர்களுக்குப் பாத்திரத்தில் ஓரத்து முறுகல் மட்டும்தான் மீதி இருந்தது. சரவணன் காலிப் பாத்திரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். முப்பத்து நான்கு வயதுப் பிள்ளை, என்னைத் தூக்கி ஒரு சுற்று சுற்றி இறக்கினான்.

நாலாம் மாடிப் படி

கல்யாணம் நடந்து இரண்டு வெயில் காலம் ஆகிவிட்டது. பதக்கச் சங்கிலி நாங் கம் கழுத்தில் இருக்கிறது. பீச் பழக் காலத்தில் என் சம்பந்தியம்மாள் வந்து காப்லர் செய்கிறார். முறைப்படி, இனிப்பாக. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு எங்கள் வீட்டுக்காரரிடம் போய், "அந்த மிளகாத்தூளைக் கொஞ்சம் எடுங்க" என்பார்.

இன்னொன்றும் உண்டு. இதைச் சம்பந்தியம்மாளிடம் நான் இதுவரை சொன்னதில்லை.

எங்கள் வீட்டுக்கு வரும்போது டோ மியா இன்றைக்கும் நேராகக் கதவைத் தட்டுவதில்லை. நாலாம் மாடி வரைக்கும் செருப்புச் சத்தம் கேட்கும். பிறகு நின்றுவிடும். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இருக்காது. இருபது வருடத்துக்கு முந்தின பயம், காது இன்னும் கேட்டுப் பார்க்காமல் விடாது போல.

அந்த நேரத்தில் நான் கையில் இருக்கிற வேலையைக் கீழே வைத்துவிடுவேன்.

"ஏங்க! இந்த விசிறியை எத்தனை நாளா நடு வீட்டுல போட்டு வெச்சிருக்கீங்க? உங்களுக்குக் கண்ணு இருக்கா இல்லையா?" என்று அடித்தொண்டையிலிருந்து கத்துவேன்.

எங்கள் வீட்டுக்காரருக்கும் தெரியும். படிப்பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். பிறகு தன்னுடைய அந்த ஒரே ஜோக்கை எடுத்து விடுவார். நான் சிரிப்பேன். இப்போதெல்லாம் எனக்கும் அதற்குச் சிரிப்பு வருகிறது.

அதற்குப் பிறகுதான் கதவு தட்டும் சத்தம் கேட்கும்.